வீட்டுக்கு நிற்கும் ஃப்ரீசர்: எதைப் பார்த்து வாங்குவது?



நெல்லையும் கரும்பையும் விட்டுவிட்டு விவசாய அலுவலர் ஃப்ரீசரைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது இப்போதெல்லாம் உரத்தைப் பற்றிக் கேட்பவர்களைவிட இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். "சார், குழுவுல லோன் போட்டு ஃப்ரீசர் எடுக்கலாம்னு இருக்கோம். எத்தனை லிட்டர் எடுக்கட்டும்?" என்கிறார்கள். சுத்தம் செய்த மீன், உரித்த இறால், வெட்டிய கோழி, உரித்த பச்சைப் பட்டாணி, மாம்பழக் கூழ் இப்படி ஏதாவது ஒன்றை வைத்து வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்கலாம் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் லிட்டர் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு. அதைக் கேட்காமல் வாங்கினால், கடன் பாக்கி நிற்கும்போதே சரக்கு குப்பைக்குப் போகும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஃப்ரீசரில் இரண்டு வடிவம் உண்டு. மேல் மூடியைத் தூக்கித் திறக்கிற பெட்டி ஃப்ரீசர் ஒன்று. ஐஸ்கிரீம் கடையில் பார்த்திருப்பீர்கள். பீரோ மாதிரி நிமிர்ந்து நின்று, முன்பக்கம் கதவு திறக்கிற நிற்கும் ஃப்ரீசர் மற்றொன்று. இரண்டும் மைனஸ் 18 டிகிரி சென்டிகிரேடில் பொருளை வைத்திருக்க வேண்டியவை. வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதி 4, 5 டிகிரியில் இருக்கும். அதில் மீன் இரண்டு நாள் தாங்கினால் பெரிது. மைனஸ் 18-ல் கிருமிகள் பெருகுவது நின்றுவிடுகிறது. நின்றுவிடுகிறது என்றுதான் சொன்னேன், செத்துவிடுகிறது என்று சொல்லவில்லை. பனிக்கட்டி உருகியதும் அவை விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடும்.

ஃப்ரீசர் எல்லா வீட்டுக்கும் வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. புதுச்சேரி டவுனில் குடியிருந்து, காலையில் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி வரக்கூடியவருக்கு எதற்கு ஃப்ரீசர்? மீதமான சாம்பாரையும் இட்லி மாவையும் வைப்பதற்குத்தான் என்றால் இருக்கிற ஃப்ரிட்ஜே போதும். ஒரு சமயத்தில் மலிவாகவும் நிறையவும் கிடைத்து, இன்னொரு சமயத்தில் கிடைக்காமல் போகிற பொருள் உங்களிடம் இருந்தால்தான் ஃப்ரீசர் தன் விலையைத் திருப்பித் தரும். நம் ஊரில் அப்படிப்பட்ட பொருள்களில் முதலாவது மீன். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 நாளாக்கினார்கள். அந்த இரண்டு மாதமும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு கொண்டுவருகிற மீனுக்கு விலை ஏறிவிடும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். குப்பத்தில் ஒரு குடும்பம். 200 லிட்டர் நிற்கும் ஃப்ரீசர் புதிதாக வாங்கியிருந்தார்கள். தடை தொடங்குவதற்கு முதல் நாள் மாலை 30 கிலோ இறால் வாங்கி, இரண்டு பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரே நேரத்தில் உள்ளே வைத்துவிட்டார்கள். 200 லிட்டர் பெட்டியில் 30 கிலோ தாராளமாக அடங்குகிறதே என்ற கணக்கு. மூன்றாம் நாள் பார்த்தால் பையின் மேல்பாகம் கல்லாக இருக்கிறது, நடுவில் கை வைத்தால் அமுங்குகிறது. தலை கறுத்துவிட்டது, வாடை வந்துவிட்டது. "மிஷின் சரியில்ல சார், ஏமாத்திட்டாங்க" என்று அந்த அம்மா அழுதார்கள். மெஷினில் ஒரு குறையும் இல்லை. அந்த மெஷினால் ஒரே நாளில் 30 கிலோவை உறைய வைக்க முடியாது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி சூட்டில் இருக்கிற ஒரு கிலோ மீனையோ இறாலையோ மைனஸ் 18-க்குக் கொண்டுபோக, அதிலிருந்து ஏறக்குறைய 90 முதல் 100 கிலோ கலோரி வெப்பத்தை வெளியே இழுக்க வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு, உள்ளே இருக்கிற தண்ணீர் பனிக்கட்டியாக மாறுகிற அந்த ஒரு கட்டத்திலேயே செலவாகிறது. சின்ன கம்ப்ரசர் மெதுவாகத்தான் இழுக்கும். அது இழுத்து முடிப்பதற்குள் பையின் நடுவில் இருக்கும் இறால், வெளியே வெயிலில் வைத்தது போல் கெட்டுக்கொண்டிருக்கும். அது மட்டுமல்ல, மெதுவாக உறைகிற பொருளில் பனிக்கட்டித் துகள்கள் பெரிது பெரிதாக வளர்ந்து சதையைக் கிழித்துவிடும். பிறகு உருக வைத்தால் தண்ணீராக வடிந்து, வெந்த பிறகு சக்கை மாதிரி இருக்கும். உள்ளே ஏற்கெனவே உறைந்திருக்கிற பொருளும் இந்தச் சூட்டில் இளகும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இருபத்துநாலு மணி நேரத்தில் எத்தனை கிலோவைப் புதிதாக உறைய வைக்கும்?" இதை உறைய வைக்கும் திறன் என்று சொல்வார்கள். ஃப்ரீசரின் உள்பக்கமோ பின்பக்கமோ ஒட்டியிருக்கிற விவரத் தகட்டில் அல்லது கூட வரும் புத்தகத்தில், 24 மணிக்கு இத்தனை கிலோ என்று போட்டிருக்கும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் புத்தகத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். அந்த எண் எங்கும் கிடைக்கவில்லை என்றால், வீட்டு ஃப்ரீசருக்கு 28 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றேகால் கிலோ வரைதான் புதுச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 170 லிட்டர் ஃப்ரீசர் என்றால் ஆறிலிருந்து எட்டு கிலோ. அந்த 30 கிலோ இறாலுக்கு நாலைந்து நாள் வேண்டும். ஏப்ரல் 14-ந் தேதி வாங்காமல் மாதப் பிறப்பிலிருந்தே ஐந்தும் ஆறும் கிலோவாக வாங்கிச் சேர்த்திருந்தால் அதே ஃப்ரீசர் அதே இறாலை அழகாகக் காப்பாற்றியிருக்கும்.

வைக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம். மீனைச் சுத்தம் செய்தவுடன் நொறுக்கிய ஐஸில் போட்டு நன்றாகக் குளிர வைத்துவிட்டுப் பிறகு ஃப்ரீசரில் வைத்தால், மெஷினின் வேலையில் கால் பங்கு குறைந்துவிடும். பாக்கெட்டை உருண்டையாகக் கட்டாமல், அரைக் கிலோவாக, இரண்டு விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி, காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கட்டுங்கள். கனம் பாதியானால் உறைகிற நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். இறாலுக்கு இன்னொன்று: உறைந்த பிறகு வெளியே எடுத்து ஐஸ் தண்ணீரில் ஒரு முறை முக்கி, மறுபடி உள்ளே வைத்தால் மேலே கண்ணாடி போல் ஒரு பனிப்படலம் பிடிக்கும். காய்ந்து வெளுத்துப் போகாது. ஏற்றுமதிக் கம்பெனிகளில் செய்கிற வேலைதான் இது, வீட்டிலும் செய்யலாம்.

இனி வடிவத்துக்கு வருவோம். ஒரே வகைப் பொருளை மொத்தமாக வைக்கிறவர்கள், தரையில் இடம் இருக்கிறவர்கள், பெட்டி ஃப்ரீசரே எடுக்கலாம். மூடியைத் திறந்தாலும் குளிர்ந்த காற்று கனமானதால் உள்ளேயே கிடக்கும். மின்தடையிலும் அது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் நம் டவுன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தமிழர் பகுதித் தெருக்களில் திண்ணை, நடை, முற்றம் என்று வீடு நீளமாக ஓடும். சமையலறையில் திரும்ப இடம் இருக்காது. முத்தியால்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் பாகம் பிரித்த வீடுகளில் ஒரு கட்டில் போட்டால் அறை முடிந்தது. அங்கே பெட்டி ஃப்ரீசரை வைத்தால் அதன்மேல் துணி மடித்து வைப்பார்கள், பாத்திரம் வைப்பார்கள், கடைசியில் திறக்கவே மாட்டார்கள். அடியில் போன பாக்கெட் அடுத்த தீபாவளிக்குத்தான் வெளியே வரும். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் நிற்கிற ஃப்ரீசர்தான் இந்த வீடுகளுக்குத் தோது. தட்டுக்கு ஒரு வகை, முன்னால் தேதிச் சீட்டு. வாடிக்கையாளர் கேட்டதும் எடுத்துக் கொடுக்கலாம்.

நிற்கும் ஃப்ரீசரின் குறை என்ன? கதவைத் திறந்தால் குளிர்க்காற்று காலடியில் இறங்கிப் போய்விடும். காற்று போனதால் மட்டும் பெரிய நஷ்டம் இல்லை; 200 லிட்டர் காற்றின் எடை கால் கிலோதான். அதற்குப் பதில் உள்ளே நுழைகிறதே, நம் கடற்கரை ஈரக்காற்று, அதுதான் தொல்லை. ஒரு முறை அகலத் திறந்து உள்ளே உள்ள காற்று முழுவதும் மாறினால், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டித் தண்ணீர் ஆவியாக உள்ளே போய்ப் பனியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திறந்த தட்டு இருப்பதைவிட இழுப்பறை இருப்பதை எடுத்தால் காற்று இறங்குவது குறையும். ஆனால் இழுப்பறையை இழுத்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் எட்டு கிலோ மீன் வைத்ததும் அந்தக் குளிரில் விரிசல் விடும்.

பனி படிவதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: தானே பனி நீக்குகிற ஃப்ராஸ்ட் ஃப்ரீ எடுப்பதா, நாமே பனி நீக்குகிற சாதா வகை எடுப்பதா? சாதா வகையில் குளிரூட்டும் குழாய் தட்டுகளிலேயே ஓடுகிற மாதிரி அமைப்பு இருந்தால், அதன்மேல் தட்டையாக வைத்த பாக்கெட் சீக்கிரம் உறையும். கரண்ட் செலவும் குறைவு. ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் விசிறி ஓடும், அவ்வப்போது ஹீட்டர் போட்டுப் பனியை உருக்கும். சரியாகக் கட்டாத பொருள் அந்தக் காற்றில் காய்ந்துபோகும். ஆனால் உங்களுக்குப் பனி சுரண்டுகிற வேலை இல்லை. தடைக்காலத்துக்காக நிரப்பி, ஜூன் கடைசியில் காலியாகிற வீட்டுக்குச் சாதா வகையே நல்லது என்பேன். எப்படியும் ஆண்டுக்கு ஒரு முறை முழுதாகக் காலியாகிறது, அப்போது அணைத்துத் துடைத்துவிடலாம். நடுவில் பனி கால் அங்குலம் கனத்துக்கு வந்தால், அப்போதும் சரக்கை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு ஒரு முறை நீக்க வேண்டும். இதெல்லாம் நம்மால் ஆகாது, வருஷம் பூராவும் நிரம்பியே இருக்கும் என்கிறவர்கள் கூடுதல் கரண்டுக்குத் துணிந்து ஃப்ராஸ்ட் ஃப்ரீ எடுக்கலாம்.

பனியைக் கத்தியால் கொத்தாதீர்கள். குழாயில் ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் ஃப்ரீசர் முடிந்தது. இப்போது வருகிற பல ஃப்ரீசர்களில் ஐசோபியூட்டேன் என்ற வாயு இருக்கிறது. நம் சமையல் எரிவாயுவுக்கு உறவு. அளவு கொஞ்சம்தான் என்றாலும் தீப்பிடிக்கக் கூடியது. அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரம் சுடுதண்ணீர் வைத்தால் பனி தானே கழன்று விழும்.

கடையில் ஏமாறுவதற்கு வழி இருக்கிற இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று நட்சத்திரம். முன்பக்கம் ஒட்டியிருக்கிற பி.இ.இ. முத்திரையின் நட்சத்திரம் கரண்ட் சிக்கனத்தைக் காட்டுவது. ஐந்துக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். அதில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். 365 யூனிட் என்றால் நாளுக்கு ஒன்று. அடிக்கடி திறக்கிற வீட்டில் இதைவிடக் கூடும். நமக்குக் கட்டணம் அடுக்கு முறையில் வருவதால் ஃப்ரீசரின் யூனிட் எல்லாம் மேலடுக்கு விலையில்தான் விழும். கணக்குப் போடும்போது அந்த விலையை வைத்துப் போடுங்கள். இன்னொரு நட்சத்திரம் இருக்கிறது. ஃப்ரீசர் பகுதியிலோ தகட்டிலோ பனிக்குறியாகப் போட்டிருப்பது. மூன்று நட்சத்திரம் என்றால் ஏற்கெனவே உறைந்த பொருளை மைனஸ் 18-ல் வைத்திருக்கும். ஒரு பெரிய நட்சத்திரமும் மூன்று சிறிய நட்சத்திரமுமாக நான்கு இருந்தால்தான் புதுப் பொருளை உறைய வைக்கவும் தகுதியானது. கரண்ட் நட்சத்திரம் ஐந்து இருப்பதைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது இடம் பழைய சாமான் கடை. கண்ணாடிக் கதவு போட்ட விசி கூலர், அதாவது பெட்டிக் கடையில் சோடாவும் தண்ணீர் பாட்டிலும் வைக்கிறார்களே அது, பார்ப்பதற்கு நிற்கும் ஃப்ரீசர் மாதிரியே இருக்கும். "கொஞ்சம் டைட்டா வச்சா ஃப்ரீசராயிடும்மா" என்று சொல்லி விற்பார்கள். ஆகாது. அது 2 முதல் 8 டிகிரி வரைக்கும் செய்யப்பட்டது. அதில் இறாலை இரண்டு மாதம் வைக்க நினைப்பது மண்பானையில் வைப்பதற்குச் சமம். பழையதுதான் வாங்க முடியும் என்றால், ஒரு கிண்ணம் தண்ணீரையும் ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டரையும் உள்ளே வைத்து, ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மைனஸ் 18 காட்ட வேண்டும். கதவு ரப்பருக்கும் ஒரு சோதனை: பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் ரப்பர் போய்விட்டது. நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள்.

தகட்டில் தட்பவெப்ப வகை என்று ஓர் எழுத்தும் இருக்கும். 'டி' என்றால் வெளியே 43 டிகிரி வரை சூடு இருந்தாலும் வேலை செய்யும், 'எஸ்.டி.' என்றால் 38 வரை. 'என்' என்றால் 32 வரைதான். மே மாதத்தில் நம் ஊர் 40-ஐத் தொடுகிறது. அதுவும் தடைக்காலத்தின் நடுவில், ஃப்ரீசர் நிரம்பி இருக்கிற நேரம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த ஃப்ரீசர் என்று பெருமைப்படுகிற வீடுகள் நம் ஊரில் உண்டு. பிரான்சின் குளிருக்குச் செய்த பெட்டியாக இருந்தால் நம் சித்திரை வெயிலில் மூச்சு வாங்கும். எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது? மேற்குப் பார்த்த சுவரை ஒட்டி வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். பின்னாலும் பக்கத்திலும் நாலு விரற்கடை இடம் விடுங்கள். பல ஃப்ரீசர்களில் பக்கச் சுவர் கொதிக்கும். அதன் வழியாகத்தான் வெப்பம் வெளியேறுகிறது, பயப்பட வேண்டாம். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் மாதிரி கடலுக்கு அடுத்த தெருக்களில் உப்புக் காற்று கம்பியையும் தகட்டையும் தின்றுவிடும். கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை கரண்டைப் பிடுங்கிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கம் துடையுங்கள். பிளக் 15 ஆம்பியரில், எர்த் நன்றாக உள்ள தனிப் பாயின்டாக இருக்கட்டும். மிக்ஸியும் ஃப்ரீசரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தொங்குவதைப் பார்க்கிறேன், எனக்கு அடிவயிற்றைக் கலக்குகிறது. வோல்டேஜ் ஏறி இறங்குகிற தெருவாக இருந்தால் ஸ்டெபிலைசர் போடுங்கள். கரண்ட் போய் வந்தால் மூன்று நாலு நிமிடம் கழித்து ஓட்டுகிற அமைப்பு அதில் இருக்க வேண்டும்.

கரண்ட் என்றதும் புயலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. கம்பங்கள் சாய்ந்து பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்திலேயே கரையேறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர் பகுதியில் இராணுவம் வந்து மக்களை மீட்க வேண்டியதாயிற்று. ஃப்ரீசரின் கம்ப்ரசர் அடியில்தான் இருக்கிறது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். தாழ்வான தெருவில் இருக்கிறவர்கள், ஃப்ரீசர் வாங்குகிற அன்றே ஓர் அடி உயர இரும்பு ஸ்டாண்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, மேல்பாகத்தைச் சுவரோடு சேர்த்துப் பட்டி போட்டுவிட வேண்டும். கனமான சரக்கு கீழ்த்தட்டில். தண்ணீர் ஏறிய ஃப்ரீசரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்? நிறைந்திருக்கும் ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள். பாதி நிறைந்தது ஒரு நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊர் வெக்கைக்கு அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நிறைந்தது ஏன் தாங்குகிறது என்பதற்குச் சென்னை ஐஸ் ஹவுஸே சாட்சி. 1842-ல் கட்டிய அந்தக் கட்டடத்தில் வைத்த பனிக்கட்டி, அமெரிக்காவில் ஏரிகளில் வெட்டி எடுத்து, மரத்தூள் சுற்றிக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து வந்தது. மெஷினும் இல்லை, கரண்டும் இல்லை. கட்டிகள் நெருக்கமாக அடுக்கியிருந்ததாலும் சுற்றிலும் மரத்தூள் இருந்ததாலும் மிச்சம் கரை சேர்ந்தது. ஆகவே காலி இடம் விடாதீர்கள். ஐப்பசி பிறந்ததும் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களில் முக்கால் பாகத்துக்கு மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பனியாகும்போது உப்புவதற்கு இடம் விட்டு, காலித் தட்டில் அடுக்குங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோ கலோரி வேண்டும். இதனால் மீன் கல்லாகவே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மீன் இளகத்தான் செய்யும். ஆனால் பாட்டிலில் பனி மிச்சம் இருக்கும்வரை உள்ளே சூடு பூஜ்யத்தை விட்டு அதிகம் ஏறாது. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே திருகை அதிகக் குளிருக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு திறக்காதீர்கள். "எப்படி இருக்குன்னு சும்மா பாத்தேன் சார்" என்பதில்தான் பாதிக் குளிர் போகிறது.

கரண்ட் வந்த பிறகு, பாக்கெட்டின் உள்ளே இன்னும் பனித்துகள் நறநறவென்று இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம். ருசி குறையும், ஆபத்தில்லை. முழுக்க உருகி, தொட்டால் குளிர்ச்சியும் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது என்றால் விற்காதீர்கள். வீட்டுக்கும் வைக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் உள்ள ஒரு சத்து, சூட்டில் கிடக்கும்போது கிருமிகளால் ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாறுகிறது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலித்து, வாந்தி எடுக்கும். இந்த நஞ்சு ஒரு முறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. வாடையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. படகிலிருந்து இறங்கியது முதல் ஃப்ரீசருக்குள் போகும்வரை ஐஸ் இல்லாமல் கிடந்த மீனை எவ்வளவு நல்ல ஃப்ரீசராலும் நல்ல மீனாக்க முடியாது. மத்தியும் கானாங்கெளுத்தியும் கொழுப்பு மீன்கள் என்பதால் ஃப்ரீசரிலும் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், சிக்கு வாடை வந்துவிடும். கொடுவா மாதிரி கொழுப்புக் குறைந்தவை ஆறு மாதம் போகும். கோழித் துண்டு ஒன்பது மாதம். கொத்துக்கறி மூன்று நாலு மாதம்.

பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்து கேட்கும் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. பட்டாணியைக் கொதிக்கும் நீரில் ஒன்றரை நிமிடம், பீன்ஸை மூன்று நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, ஈரம் வடித்து உறைய வையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் உள்ளிருக்கும் நொதிகள் நிறத்தையும் மணத்தையும் தின்றுவிடும். துருவிய தேங்காய் அப்படியே வைக்கலாம். வெள்ளரியும் மல்லிகைப்பூவும் ஃப்ரீசருக்கு ஆகாதவை. எடுத்த பிறகு துவண்டு கறுத்துவிடும். மாட்டுக்குப் போடுகிற கோமாரித் தடுப்பூசியை ஃப்ரீசரில் வைக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. உறைந்த மருந்தைப் போட்டால் ஊசி போட்ட கணக்குத்தான், மாட்டுக்குப் பாதுகாப்பு இல்லை.

விற்பனைக்கு வைக்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். பொருளைப் பக்குவம் செய்யும் முறைக்குக் குரும்பாப்பேட்டையில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

ஃப்ரீசர் வீட்டுக்கு வந்து இறங்கியதும் உடனே ஓட்டாதீர்கள். நிமிர்த்தி நாலு மணி நேரம் நிற்க விடுங்கள், படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாள். பிறகு காலியாக ஓட்டி, மைனஸ் 18 வந்த பிறகே சரக்கு. ஊருக்குப் போகிறவர்கள், ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து, உறைந்ததும் அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. காசு டம்ளரின் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் கரண்ட் நெடுநேரம் நின்று, எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. கல்லாகவே தெரிந்தாலும் அந்த மீனைச் சமைக்க வேண்டாம்.